நல்ல குடும்பத்தில் பிறந்த விண்வெளி வீராங்கனை

மனிதன் விண்வெளிக்குப் போன வரலாற்றை நாய் இல்லாமலே தொடங்குவது என்று குழு முடிவு செய்தபோது, லூர்துசெல்வி அந்த நாய்க்கு வால் வரைக்கும் கம்பி கட்டி முடித்திருந்தாள்.

குழு என்றால் மலர் விழாக் குழு. ஏற்காட்டில் மே மாதம் அரசாங்கம் நடத்தும் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்து வயிறெரிந்த ரிசார்ட் முதலாளிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, தங்களுக்கென்று தனியாக ஒன்று வைக்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. தலைவர் யுவராஜ். அவருடைய ரிசார்ட்டின் புல்வெளியில்தான் எல்லாம் நடக்கும். போன வருஷம் பூவில் டைனோசர் வைத்தார்கள். இந்த வருஷம் 'விண்ணை வென்ற மனிதன்' என்று ஆறு உருவங்கள்: முதலில் மேலே போன ரஷ்யாக்காரர்களின் நாய், முதல் மனிதன், கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் மிதந்தவர், நிலவில் வைத்த கால், விண்வெளி நிலையம், கடைசியில் நம் நாட்டு ராக்கெட்.

லூர்துசெல்விக்கு ஊர் நாகலூர். கம்பியை வளைத்து உருவம் கட்டி, அதற்குள் தண்ணீரில் ஊறிய பச்சை ஃபோமை அடைத்து, மேலே பூவைக் குத்துகிற வேலையில் அவளுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். காம்பை எந்த நீளத்துக்கு நறுக்கினால் மூன்று நாள் தாங்கும், ஓசூரிலிருந்து வருகிற கார்னேஷனில் எந்தப் பெட்டி நேற்றுப் பறித்தது, எது முந்தாநாள் பறித்தது என்பதெல்லாம் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். கூடவே வேலை செய்கிறவள் வெள்ளக்கடை ஊர்க்காரி ஸ்டெஃபி. ஸ்டெஃபிக்கு ஒரு கையில் பூ, இன்னொரு கையில் செல்போன். இரண்டு கையும் வேலை செய்யும் என்பதால் லூர்துசெல்வி கண்டுகொள்வதில்லை.

நாய்க்கு வந்த சிக்கல் இதுதான். வாசலில் நுழைந்ததும் முதல் உருவம் நாய். ரிப்பன் வெட்டுகிற சிறப்பு விருந்தினர் அதன் பக்கத்தில்தான் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். சிறப்பு விருந்தினரோ சமவெளியில் பெரிய நூல் மில் வைத்திருப்பவர். இந்த வருஷப் பூ முழுக்க அவர் உபயம். எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள்.

"பேப்பர்ல என்னன்னு போடுவான்? நாயோட பெரியவர்னு போடுவான்" என்றார் யுவராஜ்.

போர்டுகளுக்கு வாசகம் எழுத அமர்த்தப்பட்டிருந்த தேவசிகாமணி சார், ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். வரலாற்றுக்கு ஒரு குறை வந்தால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆனால் சத்தமாகப் பேச வராது. "முதல்ல போனது அதுதானுங்களே. திரும்பி வர வழியே வெக்காம அனுப்புனாங்க, போன சில மணி நேரத்துலயே வெக்கை தாங்காம செத்துப்போச்சு. அதையும் நாம தள்ளி வெச்சா நொம்பப் பாவமுங்க" என்றார்.

"பாவந்தானுங்க சார். ஜெனரேட்டர் பக்கத்துல வெச்சுக்கலாம். அங்கயும் நாலு பேரு பாப்பாங்க."

நாய் ஜெனரேட்டர் ஓரமாகப் போனது. அந்த வெக்கையில் அதன் மேல் குத்தும் சாமந்தி ஒரு நாள்கூடத் தாங்காது என்று லூர்துசெல்விக்குத் தெரியும். சொன்னாள். குறித்துக்கொண்டார்கள்.

அடுத்தது முதல் மனிதன், காகரின். ஆறடி உருவம், வெள்ளைக் கார்னேஷனில் உடுப்பு, தலையில் உருண்டையாக ஹெல்மெட். யுவராஜ் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தன் செல்போனில் பெரியவரின் படத்தை எடுத்து நீட்டினார்.

"லூர்தக்கா, ஹெல்மெட்டுக் கண்ணாடியைத் தொறந்து வெச்ச மாதிரி செஞ்சு, உள்ள மொகம் தெரியறாப்ல பண்ணிடுங்க. இந்த மீசை அப்படியே வரணும். கருஞ்சிவப்பு ரோஜாவுல கட்டுனா எடுப்பா இருக்கும்."

"காகரினுக்கு மீசை இல்லைங்க சார்" என்றார் தேவசிகாமணி.

"குளிர் தேசத்து ஆளு. ஒரு நாளாச்சும் வெச்சிருக்க மாட்டாரா?"

"அதுவுமில்லாம அங்க போய்க் கண்ணாடியைத் தொறந்தா ஆளு செத்துருவாருங்க."

"இது பூவுங்க சார். சாகாது."

மீசை வந்தது. இரண்டு பக்கமும் முறுக்கி, நுனியில் ஒவ்வொரு மொட்டு வைத்துக் கட்டினாள் லூர்துசெல்வி. வேலை என்று வந்துவிட்டால் மீசையும் அவளுக்கு ராக்கெட்டும் ஒன்றுதான். ஆனாலும் அந்த மீசையைக் கட்டும்போது அவள் வாய் ஒரு மாதிரி கோணிக்கொண்டதை ஸ்டெஃபி பார்த்தாள். பெரியவரின் மில்லில் லூர்துசெல்வி பதினேழு வயதில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள் என்பது புல்வெளியில் யாருக்கும் தெரியாது. மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று அழைத்துப் போனார்கள். ஓடுகிற மிஷினில் அறுந்த நூலை முடிபோட்டுக்கொண்டே எட்டு மணி நேரம் நடப்பது வேலை. மிஷினிலிருந்து ஹாஸ்டல், ஹாஸ்டலிலிருந்து மிஷின். இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றம். முற்றத்தைச் சுற்றிச் சுவர். இந்த மீசை அப்போது ஹாஸ்டல் சாப்பாட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தட்டை ஏந்திக்கொண்டு அதன் கீழேதான் வரிசையில் நிற்க வேண்டும்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், உச்சி வேளை தாண்டிய நேரத்தில் யுவராஜ் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன். வரலைங்களாமா. அவங்க மருமகள் வர்றாங்க. கவியா மேடம். இப்ப மில்லுக்கு அவங்கதான் எம்.டி." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆறு உருவத்துல ஒண்ணாச்சும் பொம்பளை இருக்குதா நம்மகிட்ட?"

நாய் பெட்டை நாய்தான் என்று தேவசிகாமணி மெல்லச் சொன்னார். யுவராஜ் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"மேல போன பொம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா, இல்லையா?"

ஸ்டெஃபி ஏற்கெனவே செல்போனில் தேடிக்கொண்டிருந்தாள். "இருக்குறாங்க சார். வாலண்டினா தெரெஷ்கோவா. ரஷ்யாக்காரங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூணுல தனியா மேல போயி, மூணு நாள்கிட்ட இருந்துட்டு நாப்பத்தெட்டுச் சுத்து சுத்திட்டு வந்திருக்காங்க. அதுவரைக்கும் அமெரிக்காவுல போன ஆம்பளைங்க எல்லாரும் மேல இருந்த நேரத்தைச் சேத்தாக்கூட இவங்க ஒருத்தர் இருந்த நேரம் வராதாம்." விரலால் திரையைத் தள்ளினாள். "அதுக்கு முன்னாடி நூல் மில்லுல வேலை பாத்திருக்காங்க."

லூர்துசெல்வி நறுக்கிக்கொண்டிருந்த கத்திரிக்கோல் நின்றது. "என்ன மில்லு?"

"நூல் மில்லுதானுங்க்கா. துணி நெய்யற மில்லு. பதினேழு பதினெட்டு வயசுல இருந்து."

லூர்துசெல்வி எழுந்து போய் அந்த வெள்ளை உருவத்தின் முன்னால் நின்றாள். அதுவரைக்கும் அது அவளுக்கு ஆயிரத்து இருநூறு கார்னேஷன், அவ்வளவுதான். இப்போது அதன் கையைப் பார்த்தாள். நூல் முடிபோட்ட கை என்றால் ஆள்காட்டி விரல் நுனியில் கோடு கோடாக வெட்டு இருக்கும். தனக்கு அது ஆறவே ஐந்து வருஷம் ஆனது. அந்த உருவத்துக்குக் கையுறை, விரல் தெரியாது. அவளுக்கு என்னவோ அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"இதையே அவங்களா மாத்திக்கலாமுங்க சார்" என்றாள். "மீசையைப் புடுங்கிட்டுக் கண்ணாடியை மூடிட்டாப் போதும். உள்ள இருக்கறது ஆம்பளையா பொம்பளையான்னு அந்த உடுப்பு சொல்லாதுங்க. போர்டை மட்டும் மாத்தி எழுதுனாச் சரி."

யுவராஜுக்கு அது பிடிக்கவில்லை. "பாத்ததுமே பொம்பளைன்னு தெரியணுமில்ல? மேடம் போர்டைப் படிப்பாங்களா? ஒரு சடை வெச்சிடுங்க. பொட்டு. உடுப்புக்கு ஓரத்துல ஜரிகை மாதிரி மஞ்சள் ஜெர்பரா."

"சடைக்குக் கம்பி இல்லைங்க."

"பொட்டு?"

"கண்ணாடியை மூடிட்டா நெத்தி ஏதுங்க?"

கடைசியில் இழுபறி மல்லிகைப் பூவில் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டில் ஐந்து முழம் வாங்கி வரச் செய்து, ஹெல்மெட்டின் பின்னால் வளைத்துச் சூட்டியாக வேண்டும் என்று யுவராஜ் நின்றார். காற்றே இல்லாத இடத்தில் வாசனை எப்படி வரும் என்று தேவசிகாமணி முணுமுணுத்தார். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. லூர்துசெல்வி சூட்டினாள். உலகத்தின் முதல் விண்வெளி வீராங்கனை, கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க வேண்டியவள் வழி தவறி வந்ததுபோல நின்றாள்.

போர்டில் தேவசிகாமணி தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'வாலண்டினா தெரெஷ்கோவா. நூல் ஆலைத் தொழிலாளி. விண்வெளி சென்ற முதல் பெண், 1963.'

யுவராஜ் படித்துவிட்டு நடு வரியில் விரலை வைத்தார். "இதை எடுத்துடுங்க."

"அது உண்மைங்களே."

"உண்மையா இருக்கட்டுங்க சார். மில்லு ஓனரம்மா வர்ற எடத்துல மில்லுல கூலி வேலை பாத்த பொண்ணுன்னு எழுதி வெச்சா, அவங்களைக் குத்திக்காட்டற மாதிரி இருக்காதுங்களா? வேற ஏதாச்சும் கவுரவமா எழுதுங்க."

"அவங்கப்பா டிராக்டர் ஓட்டுனவரு. சண்டைக்குப் போயி செத்துட்டாருங்க. வேற கவுரவம்னா..."

"நல்ல குடும்பத்தில் பிறந்தவர்னு போட்டுடுங்க. எல்லாருக்கும் பொருந்தும்."

அப்படியே எழுதினார். 'குடும்பத்தில்' மட்டும் கொஞ்சம் கோணலாக வந்தது. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்வித்த மனிதர். லூர்துசெல்வி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வருஷத்தையாச்சும் விட்டு வெச்சாங்களேங்க சார்" என்றாள். அவர் தூரிகையைக் கழுவப் போனார்.

சாயங்காலம் நாகலூர் பஸ்ஸில் ஸ்டெஃபி மீதியைப் படித்துச் சொன்னாள். அந்தக் காலத்து விண்கலத்தோடு அப்படியே தரையில் இறங்க முடியாதாம். ஏழு கிலோமீட்டர் உயரத்தில் ஆள் தனியாக வெளியே வந்து பாராசூட்டில் குதிக்க வேண்டுமாம். அதனால் குதிக்கத் தெரிந்த பெண்ணாகத் தேடியிருக்கிறார்கள். இவள் மில் வேலை போக மீதி நேரத்தில் ஊரிலிருந்த ஒரு கிளப்பில் சேர்ந்து குதித்துப் பழகியிருக்கிறாள். வீட்டில் அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல்.

"மீதி நேரமா?" என்றாள் லூர்துசெல்வி.

"ஆமாங்க்கா. ஷிப்ட்டு முடிஞ்சு."

"ஷிப்ட்டு முடிஞ்சு வெளிய போயிருக்குது" என்று சொல்லிவிட்டு, பஸ் நாகலூர் சேரும்வரை அவள் ஆள்காட்டி விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு வரவேண்டிய கவியா மேடம் பத்தரைக்கே வந்துவிட்டார். குழு அதை எதிர்பார்க்கவில்லை. நாதஸ்வரக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். கைத்தறிச் சேலை, காலில் ரன்னிங் ஷூ. ரிப்பனை வெட்டினார். நேராக வெள்ளை உருவத்தின் முன்னால் போய் நின்று, யுவராஜ் நினைத்ததற்கு மாறாக, போர்டை முழுக்கப் படித்தார்.

"நல்ல குடும்பத்துல பிறந்தவங்கன்னா? என்ன குடும்பம்?"

யுவராஜ் தேவசிகாமணியைப் பார்த்தார். தேவசிகாமணி ராக்கெட்டைப் பார்த்தார். கைத்தெளிப்பானால் பூவுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு உருவத்தின் பின்னால் நின்ற லூர்துசெல்விதான் வாயைத் திறந்தாள்.

"மில்லுல வேலை பாத்த பொண்ணுங்க மேடம். நூல் மில்லுல. அதை எழுதி அழிச்சுட்டாங்க."

யுவராஜின் முகம் வாடியதை எந்தத் தெளிப்பானாலும் நிமிர்த்தியிருக்க முடியாது. ஆனால் கவியா மேடத்தின் கண் விரிந்தது.

"மில் கேர்ளா? நிஜமாவா? இது எவ்வளவு பெரிய விஷயம், இதைப் போய் ஏன் மறைச்சீங்க?" என்று யுவராஜைக் கேட்டுவிட்டு, லூர்துசெல்வியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மில்லுல இருந்திருக்கீங்களா?"

"இருந்தேனுங்க. உங்க மில்லுலதான். மூணு வருஷம்."

"ஓ, அப்ப நீங்க நம்ம குடும்பம்" என்று லூர்துசெல்வியின் ஈரத் தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார். போட்டோக்காரர் ஓடி வந்து ஏழெட்டு எடுத்தார். அந்தக் குடும்பத்தில் இருந்த மூன்று வருஷத்தில் நான்கே முறை மலையேறி அம்மாவைப் பார்க்க வந்ததை லூர்துசெல்வி நினைத்துக்கொண்டாள். நாலாவது முறை அம்மா சவப்பெட்டிக்குள் இருந்தாள். போட்டோவில் லூர்துசெல்வி சிரிக்கிறாளா, இல்லையா என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விழா அமோகம் என்று குழு தீர்மானம் போட்டது. போர்டின் நடு வரியைத் திருத்தச் சொன்னது மேடம்தான் என்றாலும், அது தன் யோசனை என்று யுவராஜ் இரண்டு பேட்டிகளில் சொன்னார். மல்லிகைப் பூவை முதல் நாளே சுற்றுலா வந்த பெண்கள் ஆளுக்கொரு கண்ணியாகக் கிள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நாய்தான் ஆச்சரியம். ஜெனரேட்டர் ஓரத்தில் வாடி வதங்கிக் கிடந்தும், பிள்ளைகள் வந்த கையோடு அதைத்தான் தேடிப் போனார்கள்.

ஜூன் பிறந்து இரண்டாவது வாரம், நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு வேன் வந்தது. மில் வேன். ஒரு பக்கம் முழுக்க ஃபிளெக்ஸ்: மல்லிகைப் பூ சூடிய அந்த வெள்ளை உருவம், பக்கத்தில் மேடம் லூர்துசெல்வியை அணைத்துக்கொண்டு நிற்கிற படம். மேலே பெரிய எழுத்தில், 'மில்லிலிருந்து விண்ணுக்கு! பெண்களே, வாருங்கள்.' கீழே சின்ன எழுத்தில், தங்கும் இடமும் உணவும் இலவசம்.

ஆள் சேர்க்க வந்தவன் பெயர் லோகேஷ். இஸ்திரி கலையாத சட்டை. மைக்கைப் பிடித்து, உலகத்தின் முதல் விண்வெளி வீராங்கனையே ஒரு மில் தொழிலாளிதான் என்று தொடங்கியவன், கடை வாசலில் நின்ற லூர்துசெல்வியைக் கண்டு அடையாளம் பிடித்துவிட்டான்.

"இதா, போட்டோல இருக்கற அக்காவே இங்கதான் இருக்காங்க. நம்ம மில்லுல வேலை பாத்தவங்க. இன்னிக்கு எவ்வளவு பெரிய கலைஞர். அக்கா, தங்கச்சிங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை அவள் கையில் திணித்தான்.

பதினைந்து இருபது பெண்கள் நின்றிருந்தார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள். லூர்துசெல்வி மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளியே பிடித்துக்கொண்டாள். அப்படியும் சத்தம் நன்றாகவே கேட்டது.

"அந்த அம்மா மில்லுல இருந்து போனது நெசந்தானுங்க. ஆனா மில்லுக்காரங்க அனுப்பல. வேலை முடிஞ்சு வெளிய போயி ஒரு கிளப்புல பாராசூட்டு குதிச்சுப் பழகுச்சு. குதிக்கத் தெரிஞ்சதாலதான் எடுத்தாங்க. ஊட்டுல அம்மாவுக்குக்கூடத் தெரியாது." லோகேஷைப் பார்த்தாள். "ஏனுங்க தம்பி, ஷிப்ட்டு முடிஞ்சா இப்ப வெளிய விடறாங்களா?"

லோகேஷ் சிரித்தான். "பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குதில்லைங்க்கா. ஞாயித்துக்கிழமை வார்டனே எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டு வருவாங்க. உள்ள டி.வி. ரூம் இருக்குது."

"பாராசூட்டு?"

பெண்கள் சிரித்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற கிழவர்கூடச் சிரித்தார். லோகேஷ் மைக்கை மெதுவாக, ஆனால் உறுதியாக அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

சிரித்ததால் யாருடைய பாடும் மாறிவிடவில்லை. காப்பி பறிப்புக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. எஸ்டேட்டில் களையெடுக்கக்கூட ஆள் குறைத்திருந்தார்கள். மூன்று பேர் ஃபாரம் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி மேட்டுத் தெரு அபிஷா. மறுநாள் காலை அதே வேன் அவர்களை ஏற்றிக்கொள்ள வந்தபோது, லூர்துசெல்வி வேலைக்குப் போகாமல் நிறுத்தத்தில் நின்றாள். எதற்கு நின்றாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அபிஷா பையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"அக்கா, அங்க ஹாஸ்டல்ல மொட்டை மாடி இருக்குதுங்களா?"

"இருக்குது கண்ணு."

"மேல போலாமா?"

"பூட்டியிருப்பாங்க. சாவி வார்டன்கிட்ட இருக்கும்."

"கேட்டாத் தருவாங்களா?"

"நான் கேட்டதே இல்ல" என்றாள் லூர்துசெல்வி. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. மூன்று வருஷம் அந்த மாடிப்படி வழியாகத்தான் தினமும் தட்டோடு இறங்கினாள். "நீ கேளு சாமி. தரலைன்னா மறுக்காவும் கேளு."

அபிஷா தலையாட்டிவிட்டு ஏறினாள். வேன் அடிவாரத்தை நோக்கிக் கிளம்பியது.

வெள்ளக்கடையிலும் அந்த வேன் நின்று ஆள் சேர்த்ததாம். ஸ்டெஃபி வந்து சொன்னாள். அங்கே லோகேஷ் மைக்கை யார் கையிலும் கொடுக்கவில்லையாம்.